தரங்கம்பாடிக்கு ஒரு தடவையாச்சும் போய்ட்டு வாங்க

மயிலாடுதுறைல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல தரங்கம்பாடி, ஆனா அந்த 1792ல கட்டின வெள்ளை நுழைவாயிலைத் தாண்டி கிங் ஸ்ட்ரீட்டுக்குள்ள கால் வச்சதுமே ஹாரன் சத்தம்லாம் பின்னாடி போயிடும், ரெண்டு பக்கமும் பழைய காலத்துக் கட்டடங்க, 1718ல கட்டின புது எருசலேம் சர்ச், நேரா நடந்தா கடல். அவ்ளோதான் ஊரு!

கோட்டை டேனிஷ்காரங்க 1620ல கட்ட ஆரம்பிச்சது, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி. அப்புறம் 1845ல ஊரையே ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டாங்க. எல்லாரும் கோட்டை முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க.

பக்கத்துலயே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கு, பாண்டியர் காலத்துது, முன்பக்கம் பாதியை கடலே எடுத்துக்கிச்சு, இப்ப கரையில பாறாங்கல்லா கொட்டி வச்சிருக்காங்க, அதுல அலை மோதி சில்லுனு மூஞ்சில தெறிக்கும் பாருங்க, உதட்டுல உப்பு கரிக்கும், எனக்கு அங்கேர்ந்து எந்திரிக்கவே மனசு வராது.

சனி ஞாயிறு கொஞ்சம் கூட்டம் இருக்கும், வார நாள்ல விடியக்காலைல போங்க, மீனவர்கள் வலையை உதறி மீன் பிரிக்கிறதையும் பாக்கலாம். யாராச்சும் போறதா இருந்தா சொல்லுங்க, நானும் வரேன் 😊