தகரப் பெட்டியும் ஒரு சிறு சேவையகமும்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் லயத்துச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுச்) சுவரோடு அலமாரிக்கு மேலிருக்கும் தகரப் பெட்டியும் ஈரமாகும். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்ற சின்னத் தாத்தா எழுதிய கடிதங்கள் அதற்குள்தான் இருந்தன. உறைகளில் பூஞ்சை படர்ந்ததைக் கண்ட பிறகே அவற்றை ஸ்கேன் செய்து, ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியைச் சேவையகமாக்கி, ஆவணங்களை வகைப்படுத்தித் தேட உதவும் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் மென்பொருளை அதில் நிறுவிச் சேர்த்து வைத்தேன்.

கடிதங்களுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்) போதும். பின்னர் பெரிதாக்க விரும்பும் புகைப்படங்களுக்கு 600 வைப்பது நல்லது. படத்திலுள்ள எழுத்தைப் படிக்க பேப்பர்லெஸ் பயன்படுத்தும் எழுத்துணரியான டெசராக்டுக்குத் தமிழ் மொழிப் பொதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அச்செழுத்தை அது ஓரளவு படித்துவிடுகிறது. சின்னத் தாத்தாவின் கோழிக்கிறுக்கலுக்கு முன்னால் கைவிரித்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆண்டு, ஊர், பெயர் ஆகியவற்றை நானே தட்டச்சு செய்தேன்.

எல்லாவற்றையும் மெமரி கார்டிலேயே வைத்தது என் தவறு. இடிமழை நாளொன்றில், தரவு எழுதப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்று கோப்பமைப்பு சிதைந்தது. இரண்டு வார வேலை போயிற்று. இப்போது எஸ்எஸ்டி என்ற சேமிப்பகமும், மின்சாரம் நின்றாலும் சற்று நேரம் தாங்கும் சிறிய யூபிஎஸ்ஸும் இருக்கின்றன, இன்னொரு பிரதி நுவரெலியாவில் அக்கா வீட்டு வன்தட்டில் உள்ளது. (தம்பியின் பழைய விளையாட்டுச் சேமிப்புக் கோப்புகளும் அதில்தான், அவற்றுக்கே அவன் அதிகம் கவலைப்படுகிறான்.)

வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறக்காதீர்கள். 4ஜி இணைப்புகள் பலவற்றில் இணையத்திலிருந்து நேரடியாக அணுகக்கூடிய பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை, கிடைத்தாலும் போர்ட் திறப்பது கதவைத் திறந்துவைத்து உறங்குவதற்குச் சமம். வயர்கார்ட் என்ற மறையாக்க இணைப்பு முறையை அடிப்படையாகக் கொண்ட, நம் சாதனங்களை மட்டும் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் வழியாகத்தான் கொழும்பிலிருக்கும் சித்தப்பா இக்கடிதங்களை வாசிக்கிறார்.