இரண்டு பாகம் ஆழமில்லாத ஆறு

மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்டியவர்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பார்கள். கயிற்றின் இரண்டாவது குறி நனைந்தால் ‘மார்க் ட்வைன்’ என்று குரல் கொடுப்பார்கள். நம் கடற்கரைக் கணக்கில் இரண்டு பாகம், அதாவது 12 அடி. படகு தரைதட்டாது, தைரியமாகப் போகலாம் என்று அர்த்தம். சாமுவேல் கிளெமென்ஸ் என்ற எழுத்தாளர் அந்தக் குரலையே புனைபெயராக வைத்துக்கொண்டார். கலிஃபோர்னியாவில் அனஹைம் நகரின் டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று திறந்தபோது, அதே பெயரில் ஒரு துடுப்புச் சக்கரப் படகும் அங்கே ஓடத் தொடங்கியது. அந்தப் படகின் தடத்தில் எங்குமே இரண்டு பாகம் ஆழம் கிடையாது.

ஆனாலும் அது பொம்மைப் படகு அல்ல. பழைய படகையும், ட்வைன் கதைச் சிறுவன் டாம் சாயரின் பெயர் கொண்ட எதிர்த் தீவையும் நினைத்து ஏங்குகிறவர்கள் பெரும்பாலும் காட்சியைச் சொல்வார்கள்: வெள்ளைக் கைப்பிடிச் சுவர், கறுப்புப் புகைபோக்கி, சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர். அங்கே வேலை செய்வது என்னவென்று தெரிந்தவர்களின் ஏக்கம் வேறு மாதிரி. மனிதர்கள் கையால் செய்ய வேண்டிய வேலை அவ்வளவு இருந்த இடம், ஒரு கேளிக்கைப் பூங்காவில் இன்னொன்று அமைவது கஷ்டம்.

ஆற்றிலிருந்தே தொடங்கலாம். பூங்கா இருக்கும் நிலம் முன்பு ஆரஞ்சுத் தோட்டம். தண்ணீரை நன்றாக வடியவிடும் மண். மரத்துக்கு அது நல்லது, ஆற்றுக்கு ஆகாது. பள்ளம் வெட்டி முதல்முறை நிரப்பிய தண்ணீரை மண் அப்படியே குடித்துவிட்டது. பிறகு களிமண் கொண்டுவந்து படுகை முழுக்கப் பூசித்தான் நீரை நிறுத்தினார்கள். நம் ஊரில் ஏரிக்கரைக்குக் களிமண் போட்டுக் கெட்டிக்கும் அதே முறைதான். தண்ணீருக்குச் சாயமும் கலக்கிறார்கள். தெளிந்த நீரில், படகுக்கு வழிகாட்ட அடியில் பதித்த தண்டவாளம் தெரிந்துவிடும், ஆழமின்மையும் தெரிந்துவிடும்.

கட்டுமானப் பொறுப்பில் இருந்தவர் ஜோ ஃபவுலர், ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல். கப்பல் என்று ஒன்று இருந்தால் அதை நீரிலிருந்து பிரித்து நிறுத்த உலர்துறை வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். பூங்காவில் இடமும் பணமும் நெருக்கடியாக இருந்த நேரத்தில் அவ்வளவு பெரிய பள்ளத்தைப் பார்த்து வால்ட் டிஸ்னி அதை ‘ஜோவின் பள்ளம்’ என்று கேலி செய்ததுண்டு. பின்னாளில் அதற்கு ஃபவுலர் துறை என்றே பெயர் வந்தது. அட்மிரல் சொன்னது சரி. நன்னீரில் நிற்கும் இரும்பு துருப்பிடிக்கும், மரம் ஊறும், அடிப்பக்கத்தில் பாசி ஏறும். படகை வெளியே எடுக்காமல் இதில் எதையும் பழுதுபார்க்க முடியாது. துறை மட்டும் இல்லாவிட்டால், ஒவ்வொரு பழுதுக்கும் ஆற்றையே வடிக்க வேண்டியிருந்திருக்கும்.

படகின் நீளம் 105 அடி, எடை 150 டன். அடிக்கூட்டை சான் பெட்ரோவில் இருந்த டாட் கப்பல் கட்டும் தளத்தில் செய்தார்கள். மேல்தளங்களை பர்பாங்கில் இருந்த டிஸ்னி ஸ்டூடியோவில் தச்சர்கள் செய்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஆற்றங்கரையில்தான் ஒன்றுசேர்ந்தன.

ஓடும் விதத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. படகு தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து உருள்வதில்லை. எடையைத் தாங்குவது தண்ணீர். படுகையில் பதித்த இரும்பு விட்டம் வழியை மட்டும் காட்டுகிறது. முன்னுக்குத் தள்ளுவது பின்னாலுள்ள சக்கரமேதான். ஆகவே மிதப்பு கெட்டால் எல்லாம் கெடும். இதை முதல் நாட்களிலேயே கற்றுக்கொள்ள நேர்ந்தது. எத்தனை பேரை ஏற்றலாம் என்று யாரும் முடிவு செய்து வைக்கவில்லை. இடமிருக்கும்வரை ஏற்றினார்கள். 500 பேருக்கு மேல் ஏறிய ஒரு சுற்றில் தளம் நீர்மட்டத்தை நெருங்கி, படகு விட்டத்தைவிட்டு விலகிக் கரைச் சேற்றில் சிக்கியது. மீட்டுத் துறைக்குக் கொண்டுவந்ததும் எல்லாரும் இறங்கும் பக்கமாக நகர, அந்தப் பக்கம் சாய்ந்தது. பயந்து மறுபக்கம் ஓட, அந்தப் பக்கமும் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் வரம்பு 300 என்று ஆனது.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். ஆளுக்கு 70 கிலோ என்றால் 500 பேர் 35 டன், 300 பேர் 21 டன். 150 டன் படகுக்கு 35 டன் பெரிய பாரமில்லை என்று தோன்றும். ஆனால் இந்த 35 டன் ஓரிடத்தில் நிற்காது, உயரத்தில் நிற்கும், வேடிக்கை தெரிந்த பக்கம் ஓடும். பரிசல்காரர் ‘எழுந்திரிக்காதீங்க’ என்று சொல்வதன் பொருள் மூன்றடுக்குப் படகுக்கும் மாறுவதில்லை.

மேலே சக்கர அறையில் நிற்பவரிடம் சுக்கான் திருப்பும் வேலை கிடையாது. அவருடைய வேலை பார்ப்பதும் மணியடிப்பதும். கீழ்த்தளத்தில் இருப்பவர் நீராவியைக் கூட்டிக் குறைப்பார். பார்க்கிற வேலை லேசானதல்ல, ஏனென்றால் அந்த ஆற்றில் நெரிசல் அதிகம். 1955 கிறிஸ்துமஸ் அன்று கீல் படகுகள் என்ற கூரைவைத்த சிறு படகுகள் வந்தன. 1956-ல் துடுப்புப் படகுகளும் தீவுக்குப் போகும் தெப்பங்களும் வந்தன. 1958-ல் கொலம்பியா பாய்மரக் கப்பல் வந்தது. மார்க் ட்வைனும் கொலம்பியாவும் ஒரே தண்டவாளம், ஒதுங்க முடியாது. மற்றவை தடமில்லாமல் மிதப்பவை. எனவே ஒதுங்க வேண்டியவை அவைதான். தெப்பம் ஓட்டுபவர் கரையைவிட்டுக் கிளம்பும் முன்பே பெரிய படகு எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். 150 டன் நகரத் தொடங்கிவிட்டால், சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினாலும் உடனே நிற்காது. துடுப்புப் படகு நகர்வதோ ஏறியவர்கள் கையால்தான். இன்றும் அப்படித்தான், மோட்டார் எதுவும் இல்லை.

ஏக்கத்தோடு பேசும்போது விட்டுவிடக் கூடாத சில நாட்களும் உண்டு. கீல் படகுகளில் பயணிகள் கூரைமேலும் உட்காருவார்கள். மேல்பாரம், தடமும் இல்லை. 1997 மே மாதம் ஒன்று ஆடிக் கவிழ்ந்தது. கலிஃபோர்னியாவில் அத்தோடு அந்தப் படகுகளின் ஓட்டம் முடிந்தது. 1998 டிசம்பரில் கொலம்பியா துறைக்கு வேகம் அடங்காமல் வந்தபோது, கயிற்றைக் கப்பலின் இரும்புக் கொம்பில் மாட்டினார்கள். கப்பல் நிற்கவில்லை, கயிறு அறுபடவில்லை, கொம்பு பிய்த்துக்கொண்டு பறந்தது. கரையில் காத்திருந்த ஒருவர் உயிரிழந்தார், வேறு சிலர் காயமடைந்தார்கள். நைலான் கயிறு இழுத்தால் நீளும். அந்த இழுவிசையைத் தனக்குள் சேர்த்துவைத்துக்கொண்டு விடுபடும்போது மொத்தமாகக் கக்கும். கயிறு என்பது கப்பலைக் கட்டிவைக்க, ஓடும் கப்பலை நிறுத்த அல்ல. துறையில் வேலைக்குச் சேரும் யாருக்கும் முதல் பாடமாக இருக்க வேண்டியது இது. அடுத்த ஆண்டே நிலையான கேளிக்கைப் பூங்காக்களை அரசு மேற்பார்வைக்குள் கொண்டுவரும் சட்டத்தைக் கலிஃபோர்னியா நிறைவேற்றியது.

தீவு 1956 ஜூன் 16 அன்று திறந்தது. அதற்கு முந்தைய ஒரு வருஷம் அது படகிலிருந்து பார்க்கும் மேடு மட்டுமே. டாம் சாயர் தீவின் அமைப்பை மற்றவர்கள் வரைந்து கொடுத்தது பிடிக்காமல் வால்ட் டிஸ்னி தாமே மாற்றி வரைந்தார். அங்கே உட்கார்ந்து போகும் சவாரி எதுவும் இல்லை. குகை, மரவீடு, தொங்குபாலம், பீப்பாய்களை மிதக்கவிட்டுப் பலகை போட்ட பாலம், மரக்கோட்டை, அவ்வளவுதான். பீப்பாய்ப் பாலத்தில் ஒருவர் கால் வைத்தால் அடுத்தவர் கால் ஏறும். ஓட்டுநர் இல்லாத விளையாட்டு அது. குழந்தைகள் தாங்களே ஓட்டிக்கொண்டார்கள். பூங்காவின் எல்லா அமைப்புகளிலும் இதுவே மேலானது என்பது என் முடிவு.

மீன்பிடிக்கவும் விட்டார்கள். கெளுத்தி உள்ளிட்ட மீன்களை வளைத்த நீரில் விட்டு, தூண்டிலும் புழுவும் கொடுத்தார்கள். பிடித்த மீனை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. கலிஃபோர்னியா வெயிலில் நாள் முழுக்க மீனைத் தூக்கிக்கொண்டு சுற்ற யாருக்கு முடியும்? புதரிலும் பெட்டகத்திலும் போட்டுவிட்டுப் போனார்கள். நாற்றம் காட்டிக்கொடுத்தது. மீன்பிடிப்பு நின்றது.

பொழுது சாய்ந்தால் தீவை மூடிவிடுவார்கள். கடைசித் தெப்பத்துக்கு முன் குகை, புதர், கோட்டை மூலை எல்லாம் நடந்து பார்க்க வேண்டும். குழந்தைகள் ஒளிந்துகொள்ளவென்றே கட்டிய இடத்தில் ஒளிந்தவரைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்று எண்ணிப் பாருங்கள். 1973 ஜூனில் இரு சகோதரர்கள் மூடிய பிறகும் அங்கேயே தங்கி, இரவில் நீந்திக் கரைசேர முயன்றார்கள். நீச்சல் தெரியாத தம்பியை முதுகில் சுமந்த 18 வயது அண்ணன் மூழ்கிப்போனார். ஆழமில்லாத ஆறுதான். இருட்டும் சுமையும் சேர்ந்தால் அது போதும்.

கோட்டையை அழித்தது கரையானும் உலர் அழுகலும். நீர் சூழ்ந்த இடத்தில் மண்ணோடு ஒட்டி நிற்கும் மரக்கட்டை உள்ளிருந்து உளுத்துப்போகும். மேலே வர்ணம் கெட்டியாக இருக்கும், தட்டினால் பொத்தென்று கேட்கும். 2007-ல் அதை இடித்தார்கள். அதே ஆண்டு தீவு கொள்ளையர் தீவாக வேஷம் மாறியது. 2016 ஜனவரியில் ஆற்றையே மூடி, வடக்குப் பகுதியை வெட்டிச் சுருக்கி, தண்டவாளத்தைப் புது வளைவில் போட்டு, 2017 ஜூலையில் திறந்தார்கள். வெட்டிய நிலம் ‘ஸ்டார் வார்ஸ்’ விண்வெளிக் கதைப் பகுதிக்குப் போனது. சுருங்கினாலும் ஆறு பிழைத்தது.

ஃப்ளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் இருந்த ஆறு பிழைக்கவில்லை. 1971 அக்டோபரில் அங்கு ஓடத் தொடங்கிய முதல் படகுக்கு அட்மிரல் ஜோ ஃபவுலர் என்றே பெயர். அது 1980-ல் உலர்துறையில் அடிபட்டு ஓய்ந்தது. 1973-ல் வந்த இரண்டாவது படகு பின்னாளில் லிபர்ட்டி பெல் என்று பெயர் மாறி ஓடியது. 2025 ஜூலை 6 அன்று அதுவும் தீவும் கடைசியாக இயங்கின. ‘கார்ஸ்’ திரைப்படத்தை மையமாக வைத்த புதிய பகுதிக்கு அந்த இடம் வேண்டுமாம். ஆற்றையும் தீவையும் சேர்த்தால் எவ்வளவு நிலம் என்று கணக்குப் பார்ப்பவர்களின் நியாயம் புரிகிறது. ஏற்க மனம் வரவில்லை.

அனஹைமில் பாய்லர் இன்னும் எரிகிறது. முன்பு டீசல், இப்போது பயோடீசல். நீராவி எஞ்சினில் அவசரம் ஆகாது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த சிலிண்டருக்குள் நீராவி நுழைந்ததும் தண்ணீராகிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் பிஸ்டனை ஓட்டினால் சிலிண்டர் மூடி விரிசல்விடும். அதனால் வடிகுழாய்களைத் திறந்துவைத்து, நீராவியைக் கொஞ்சமாக விட்டு, சிலிண்டரைச் சூடேற்ற வேண்டும். இரு பக்கமும் ஒவ்வோர் எஞ்சின். இரண்டின் வளைதண்டும் ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி இருப்பதால், ஒன்று முட்டுப்புள்ளியில், அதாவது பிஸ்டன் முனைக்குப் போய்த் தள்ள முடியாத இடத்தில், நின்றாலும் மற்றது சக்கரத்தை இழுத்துவிடும். முதலில் தண்ணீர் துப்பும், பிறகு ஈரமாகச் சீறும். அந்தச் சீறல் வறண்ட சத்தமாக மாறியதும் வடிகுழாயை மூடுவார்கள். அப்புறம்தான் சக்கரம் அசையும்.