அந்த டிக்கை நம்பி ஒரு ராத்திரி போச்சு

விண்டோஸ் சர்வர் பேக்கப்பின் ரெக்கவரி விசார்டில், சிஸ்டம் ஸ்டேட்டை (சர்வரின் முக்கிய அமைப்புகளின் தொகுப்பு) எந்த இடத்துக்கு மீட்பது என்று கேட்கும் பக்கத்தில் ஒரு டிக் பாக்ஸ் உண்டு. நெட்வொர்க்கின் யூசர், கம்ப்யூட்டர் விவரமெல்லாம் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியின் ஃபைல்களுக்கு அத்தாரிட்டேட்டிவ் ரீஸ்டோர், அதாவது மீட்டதே மற்ற சர்வர்களிலும் செல்லும்படியான மீட்பு, செய்யட்டுமா என்று கேட்கும். அழிந்துபோன யூசர்களைத் திரும்பக் கொண்டுவர அதைத் தட்டினால் போதும் என்றுதான் படிக்கிற யாருக்கும் தோன்றும். எங்களுக்கு ஏ.எம்.சி. போட்டிருக்கும் நிறுவனத்தின் இன்ஜினியரும் போனில் அப்படித்தான் அடித்துச் சொன்னார். ஆனால் அது லாகின் ஸ்கிரிப்ட், பாலிசி எல்லாம் கிடக்கும் சிஸ்வால் ஃபோல்டருக்கான டிக். யூசர், குரூப், கம்ப்யூட்டர் அக்கவுண்ட் எதையும் அது தொடாது. இது தெரிய வந்தபோது ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்கப் போயிருந்தது.

கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். ரெண்டு டொமைன் கன்ட்ரோலர் (டி.சி., ஆக்டிவ் டைரக்டரியை வைத்திருக்கும் சர்வர்), ரெண்டுமே விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. ஆனால் டொமைன் பிறந்தது சர்வர் 2003 காலத்தில். மெஷின் மாறியதே தவிர, ஃபங்ஷனல் லெவலை (எந்தக் காலத்து வசதி வரை கிடைக்கும் என்பதை முடிவு செய்வது) யாரும் உயர்த்தவில்லை. அதனால் அழித்ததை அப்படியே திரும்ப எடுக்கும் ரீசைக்கிள் பின் கிடையாது. அதற்குக் குறைந்தது 2008 ஆர்2 லெவல் வேண்டும். அந்தக் காலத்து ஓ.யு.க்களில் (அக்கவுண்ட்களைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் மாதிரி) 'தவறுதலாக அழிப்பதிலிருந்து பாதுகாப்பு' என்ற டிக்கும் விழவில்லை. புதிதாக வந்த லேப் அசிஸ்டன்ட் பழைய மாணவர் அக்கவுண்ட்களைக் கழிக்கப் போய், ஸ்டாஃப் ஓ.யு.வை மொத்தமாகக் கழித்துவிட்டான். யூசர், குரூப், ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதற்குள்தான். திங்கட்கிழமை சம்பள பில்.

"அதே பேர்ல புதுசா கிரியேட் பண்ணிடலாமே சார்" என்றான் பையன். பண்ணலாம், பெயர் மட்டும்தான் அதே. சிஸ்டம் அடையாளம் பார்க்கும் எண்ணான எஸ்.ஐ.டி. புதுசு. ஃபைல் சர்வரில் உள்ள உரிமையெல்லாம் பழைய எஸ்.ஐ.டி.யின் பேரில் கிடக்கும். ஊரில் அதே பேரில் இன்னொருத்தர் இருந்தால் அவருக்குப் பட்டாவை மாற்றிக் கொடுத்துவிடுவார்களா?

பேக்கப் எடுத்த வெளி டிஸ்க் ஆபீஸ் பீரோவில். சாவி சூப்பரின்டென்டென்ட் சாரிடம். அவர் புரட்டாசி முதல் சனி என்று உப்பிலியப்பன் கோயிலுக்குப் போய்விட்டார், போனும் ஆஃப். வண்டியை எடுத்துக்கொண்டு திருநாகேஸ்வரம் போனேன். அன்றைக்கு அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே பெரிய பாடு. கியூ எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்து, அதில் அவரைக் கண்டுபிடித்து, விஷயத்தைச் சொன்னால், "டிஸ்க்குதானே தம்பி, அது எங்க ஓடிடப் போவுது, தரிசனத்த முடிச்சுட்டு வாரேன்" என்றார். தரிசனம் முடிந்து, உப்பில்லாத பிரசாதத்தையும் கையில் கொடுத்த பிறகுதான் இடுப்பிலிருந்து சாவி வந்தது. திரும்பி வந்தால் கரண்ட் இல்லை. சப்-ஸ்டேஷனில் மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும். பேட்டரியை நம்பி சிஸ்டம் ஸ்டேட் ரீஸ்டோரை ஆரம்பித்து, பாதியில் நின்றால் கோவிந்தா. காத்திருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ரீஸ்டோர் செய்யும் டி.சி.யை டி.எஸ்.ஆர்.எம். என்ற, ஆக்டிவ் டைரக்டரி ஓடாத தனி மோடில் பூட் செய்ய வேண்டும், அதற்குத் தனி பாஸ்வேர்ட். அதை எழுதி வைத்த தாள் ஃபைலில் இல்லை. சப்போர்ட் நிறுவனத்தைக் கேட்டால், அந்த வேலையைச் செய்தவர் விட்டுப் போய்விட்டார், திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறோம், விசிட் சார்ஜ் தனி என்றார்கள். ஆளே வேண்டாம். சர்வர் சாதாரண மோடில் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்டிடிஎஸ்யுட்டில் கமாண்டில் 'செட் டி.எஸ்.ஆர்.எம். பாஸ்வேர்ட்' என்று கொடுத்துப் புதிது வைத்துக்கொள்ளலாம். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக அதை முடித்தேன். மறந்துபோய் டி.எஸ்.ஆர்.எம்.முக்குள் பூட் செய்துவிட்டு நின்றால் இந்த வழி இல்லை, எனவே முதலிலேயே செய்துவிடுங்கள்.

அடுத்த பயம் பேக்கப்பின் வயது. எதை அழித்தாலும் அதன் அடையாளம் டூம்ஸ்டோனாகக் கொஞ்ச நாள் கிடக்கும்; அந்த டூம்ஸ்டோன் ஆயுளைத் தாண்டிய பேக்கப்பை ஆக்டிவ் டைரக்டரி ஏற்காது. 180 நாள் என்று பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது 2003 சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு உருவான ஃபாரஸ்ட்டுக்கு (டொமைன்களின் மொத்தத் தொகுப்பு). எங்களுடையதைப் போல அதற்கு முன் பிறந்ததில், யாரும் கைவைக்காவிட்டால் 60 நாள்தான், சர்வரை எத்தனை தரம் அப்கிரேட் செய்திருந்தாலும். எங்கள் டிஸ்க்கில் கடைசியாக இருந்தது ஆடிப்பெருக்குக்கு முந்தின ராத்திரி எடுத்தது. ஐப்பசியில் யாராவது இந்த ஓ.யு.வை அழித்திருந்தால் அந்த டிஸ்க் வெறும் பெட்டிதான்.

விசார்ட் ஒழுங்காகவே போனது. தேதி, சிஸ்டம் ஸ்டேட், ஒரிஜினல் லொகேஷன். இன்ஜினியர் சொன்னபடி அந்த டிக். தானாக ரீபூட் ஆகட்டும் என்ற இன்னொரு டிக்கும் அவர் சொன்னதே. ரொம்ப நேரம் ஓடி, தானாக ரீபூட் ஆகி, நேராக சாதாரண மோடில் எழுந்தது. லாகின் செய்து பார்த்தால் ஸ்டாஃப் ஓ.யு. இல்லை. லைப்ரரி கட்டடத்தில் இருக்கும் ரெண்டாவது டி.சி., 'அது அழிந்த கதை உனக்குத் தெரியாதா' என்று, டி.சி.க்கள் தங்களுக்குள் மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும் ரெப்ளிகேஷனில் சொல்லி, மீட்டதை மறுபடி அழித்துவிட்டது. போதாக்குறைக்கு அந்த டிக் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்திருந்தது. சிஸ்வால் ஆடி மாதத்துக்குப் போய், ரெண்டாவது டி.சி.க்கும் அதையே தள்ளிவிட்டது. ஆவணியில் எழுதிய லாகின் ஸ்கிரிப்ட், பிரிண்டர் பாலிசி எல்லாம் அம்போ.

"ஆப்ஜெக்ட் இன்னும் வரலையே" என்று அவருக்கே போன் போட்டேன். "ரீசைக்கிள் பின்ன எனேபிள் பண்ணிப் பாருங்க சார்" என்றார். நல்லவேளை, செய்யவில்லை. அதை எனேபிள் செய்த நொடியில், ஏற்கெனவே அழிந்து கிடக்கும் டூம்ஸ்டோன்கள் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். அழிந்தது வெளியே வரும்வரை அந்தப் பக்கமே போகக்கூடாது.

சரியான வழி இதுதான். எம்.எஸ்.கான்ஃபிக்கில் சேஃப் பூட், ஆக்டிவ் டைரக்டரி ரிப்பேர் என்று வைத்துவிட வேண்டும். அப்போது எத்தனை தடவை ரீபூட் ஆனாலும் டி.எஸ்.ஆர்.எம்.மிலேயே நிற்கும். எஃப்8 தட்டிப் போனால் ஒரு தடவைக்குத்தான். லேன் கேபிளையும் பிடுங்கி வைத்தேன். மறுபடி விசார்ட், இந்தத் தடவை அந்த டிக் இல்லாமல். ரீபூட் ஆனதும் என்டிடிஎஸ்யுட்டில், ஆக்டிவேட் இன்ஸ்டன்ஸ் என்டிடிஎஸ், அத்தாரிட்டேட்டிவ் ரீஸ்டோர், ரீஸ்டோர் சப்ட்ரீ, பிறகு ஓ.யு.வின் முழு டி.என். (டைரக்டரியில் அதன் முழு முகவரி). பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம். பேக்கப் எடுத்து எத்தனை நாளோ, நாளுக்கு ஒரு லட்சம் வீதம் ஒவ்வொரு ஆட்ரிபியூட்டின் வெர்ஷன் நம்பரையும் ஏற்றிவிடும். அதைப் பார்த்த பிறகுதான் ரெண்டாவது டி.சி. 'சரி, நீதான் பெரியவன்' என்று ஒதுங்கும். இந்த ஒரு படி விசார்டில் எங்குமே இல்லை.

சேஃப் பூட்டை எடுத்துவிட்டு, கேபிளைச் செருகி, சாதாரண மோடில் எழுப்பினேன். ஓ.யு. இருந்தது. லைப்ரரி டி.சி.யிலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்து, வாசலில் பால்காரர் வண்டி நின்றது.

குரூப் மெம்பர்ஷிப் தனி. ரீஸ்டோர் முடியும்போது என்டிடிஎஸ்யுட்டில் ஒரு எல்.டி.எஃப். ஃபைலை எழுதிவைக்கும், பலர் கண்டுகொள்ளமாட்டார்கள். ரெப்ளிகேஷன் முடிந்ததும் அதை எல்டிஃப்டிஇ என்ற கமாண்டில் ஏற்றினால் யார் யார் எந்த குரூப்பில் இருந்தார்களோ அதெல்லாம் வந்துவிடும். எங்களுக்கு அக்கவுண்ட்ஸ் குரூப் காலியாக இருந்தது, இதை ஏற்றியதும் நிறைந்தது.

ஆடிக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த விரிவுரையாளர்கள் பேக்கப்பிலேயே இல்லை. அவர்களை சிஸ்இன்டர்னல்ஸின் ஏ.டி.ரீஸ்டோர் என்ற டூல் கொண்டு டூம்ஸ்டோனிலிருந்து எழுப்பினேன். எஸ்.ஐ.டி. அப்படியே வரும். பாஸ்வேர்ட், குரூப் எதுவும் வராது, டிஸேபிள் ஆகித்தான் வரும். முதலில் ஓ.யு.வை மீட்டால்தான் இவர்களுக்கு உட்கார இடம்.

திங்கட்கிழமை காலை சில கம்ப்யூட்டர்கள் டொமைனோடு டிரஸ்ட் இல்லை என்று முரண்டு பிடித்தன. கம்ப்யூட்டர் அக்கவுண்டின் பாஸ்வேர்ட் 30 நாளுக்கு ஒருமுறை தானாக மாறும். டொமைனில் இப்போது இருப்பது ஆடி மாதத்துப் பாஸ்வேர்ட். டொமைனிலிருந்து கழற்றி மறுபடி சேர்க்க வேண்டியதில்லை. லோக்கல் அட்மினில் நுழைந்து, பவர்ஷெல்லில் டெஸ்ட் கம்ப்யூட்டர் செக்யூர் சேனல், ரிப்பேர் என்று டொமைன் அட்மின் பாஸ்வேர்டோடு கொடுத்தால் சரியாகிவிடும். சம்பள பில் போடும் மெஷினை முதலில் பார்த்தேன். யூசர்களுக்கும் ஆடி மாதத்துப் பாஸ்வேர்ட்தான். "பழசப் போட்டா போவுதே" என்று ஒரு பேராசிரியர் சந்தோஷப்பட்டார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஏ.டி.எஸ்.ஐ. எடிட்டில் டூம்ஸ்டோன் ஆயுளை 180 ஆக்கினேன். ஃபங்ஷனல் லெவலை உயர்த்தி ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன். ஒருமுறை திறந்தால் மூட முடியாது, மூடும் உத்தேசமும் இல்லை. எல்லா ஓ.யு.விலும் அழிப்புப் பாதுகாப்பு விழுந்துவிட்டது. பீரோவுக்கு ரெண்டாவது சாவி கேட்டு எழுதிய நோட் மட்டும் இன்னும் கையெழுத்தாகவில்லை.