சைட்ல முதல் நாள்

சிவில் முடிச்சவங்களுக்கு கேம்பஸ்ல வேலை கிடைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு படிச்சவங்களுக்குத் தெரியும், அதனால சென்னை ஓஎம்ஆர் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மென்ட் சைட்டுக்கு டிரெய்னி இன்ஜினியரா ஆர்டர் வந்ததும் வீட்ல அவ்ளோ சந்தோஷம். காலைல எட்டு மணிக்கு கேட்ல போய் நின்னா செக்யூரிட்டிக்கு நான் வர்ற விஷயமே தெரியல, ஹெச்ஆர் போன் எடுக்கல, கடைசில ஸ்டோர் கீப்பர் தான் வந்து ஒரு ஹெல்மெட்டைக் குடுத்து உள்ள கூட்டிட்டுப் போனாரு. சைட் ஆபீஸ்னா ஒரு கன்டெய்னர், இருக்கிற எல்லா சேர்லயும் ஆள். அன்னைக்கு ஸ்லாப் கான்கிரீட், அதாவது மாடித் தளம் ஊத்துற நாள், எல்லாரும் அந்த டென்ஷன்ல இருந்தாங்க, புரியுது. ஆனாலும் "வாம்மா, உக்காரு"ன்னு ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாம். பையை மாட்டிக்கிட்டு ஓரமா நின்னுட்டே இருந்தேன்.

கம்பி மேஸ்திரி தான் கூப்பிட்டாரு. "மேடம் புதுசா? மேல வாங்க, ஊத்துறதுக்கு முன்னாடி பாத்துடுங்க."

பால்கனி பக்கம் கூட்டிட்டுப் போய் மேல் கம்பி மேல கால வெச்சு ஒரு அமுக்கு அமுக்கிக் காட்டினாரு, 'சேர்' (மேல் கம்பியைத் தாங்கிப் பிடிக்கிற வளைச்ச கம்பி) கட்டாத இடத்துல கம்பி அப்படியே கீழ போச்சு. "பசங்க நடந்து நடந்து எறக்கிடுவாங்க மேடம், அப்புறம் கம்பி இருந்தும் பிரயோஜனம் இல்ல"ன்னாரு. பால்கனி மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தோட நீட்டிட்டு நிக்கிற கேன்டிலீவர்ல இழுவிசை மேல்பக்கம், அதனால மெயின் கம்பியும் மேல இருக்கணும்னு காலேஜ்ல எத்தனையோ தடவை எழுதியிருக்கேன், ஆனா அது அவர் கால் கீழ அமுங்கினதைப் பாத்தப்ப தான் ஒரு வீட்டோட பால்கனி எதை நம்பி நிக்குதுன்னு உறைச்சது. கவர் பிளாக், அதாவது கம்பிக்கு வெளிய போதுமான கான்கிரீட் (கவர்) இருக்கிறதுக்காக அடியில வைக்கிற கட்டை, நழுவின இடத்தையெல்லாம் குனிஞ்சு சரி பண்ண வெச்சாரு, இங்க கடல் காத்து, கவர் குறைஞ்சா கம்பி துருப்பிடிச்சு ஊதி கான்கிரீட்டையே பேத்துடும். அப்புறம் ரெடிமிக்ஸ் லாரி வந்துச்சு, கான்கிரீட் எவ்ளோ இளக்கமா இருக்குன்னு ஸ்லம்ப் பாத்தாங்க, 7 நாள், 28 நாள் கழிச்சு உறுதி டெஸ்ட் பண்ண 150 மில்லிமீட்டர் கியூப் போட்டாங்க, நானும் கூட நின்னேன்.

இதை எழுத உக்காந்ததே அடுத்த விஷயத்துக்காகத் தான். மதியம் வரைக்கும் தண்ணியே குடிக்கல, ஏன்னா சைட்ல லேடீஸ் டாய்லெட்னு ஒண்ணு இல்லவே இல்ல. யார்கிட்ட கேக்குறது? சுத்தி எல்லாரும் ஆம்பளைங்க. ஒரு சித்தாள் அக்கா என் மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்கிட்டு, "வா கண்ணு"ன்னு கீழ் மாடில வேலை முடியாத ஒரு பிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, கதவு இல்ல, பிளைவுட் ஷீட்ட சாச்சு வெச்சு, நான் வெளிய வர்ற வரைக்கும் காவலுக்கு நின்னாங்க. அவங்களுக்கு தினமும் இதான்.

1996ல வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்துலயே வேலை நடக்கிற இடத்துல கழிப்பறை இருக்கணும்னு சொல்லியிருந்தாங்க. சைட் நடத்துறவங்க யாராவது இதைப் படிச்சா கெஞ்சிக் கேக்குறேன், அஸ்திவாரம் தோண்டும்போதே பொம்பளைங்களுக்குத் தனியா ஒரு டாய்லெட், தண்ணியோட, உள்ள தாழ்ப்பாளோட, போட்டுக் குடுத்துடுங்க.