எஸ்.ஏ. கணுவை ஸ்லைடில் பிடிப்பது: ஓர் ஆய்வக அனுபவம்

இதயத் துடிப்பைத் தொடங்கி வைக்கும் எஸ்.ஏ. கணுவை வெறுங்கண்ணால் அடையாளம் காண முடியாது. சுற்றியிருக்கும் தசைக்கும் அதற்கும் நிறத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எங்கே வெட்டக் கூடாது என்று தெரியாமல் இதயத்தைத் திறந்தால் கணு இரண்டாகப் பிளந்துவிடும். அப்புறம் எத்தனை ஸ்லைடு போட்டாலும் கிடைப்பது சாதாரண மேலறைத் தசைதான். ஆட்டு இதயத்திலும், உடற்கூறுத் துறைக்குத் தானமாக வரும் உடல்களின் இதயத்திலும் இந்தக் கணுவை எடுத்துப் பதப்படுத்தி, சாயமேற்றிப் பார்க்கும் வேலையில் எங்கே சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது, ஸ்லைடில் தெரியும் ஒவ்வொன்றும் உயிருள்ள இதயத்தில் என்ன செய்கிறது என்பதை இங்கே எழுதுகிறோம்.

பயிற்சிக்கு ஆட்டு இதயம் போதும். ஆனால் கறிக்கடையில் சமையலுக்கு என்று கேட்டால் கொடுக்கும் இதயம் உதவாது. மேலே உள்ள குழாய்களை ஒட்ட நறுக்கிவிடுவார்கள். உறைந்த ரத்தம் வெளியேற நீளவாக்கில் ஒரு கீறலும் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டிய இடம் அந்த நறுக்கலோடு போய்விடும். நுரையீரலும் மூச்சுக்குழலும் ஒட்டியபடி, கீறாமல் வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். மேற்பெருஞ்சிரை 2 செ.மீ. நீளமாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஆட்டில் இடது பக்க அசைகஸ் சிரை என்று ஒன்று தனியாக வந்து, இதயச் சுவரின் சிரைகள் சேரும் கரோனரி சைனஸில் சேரும். மனித இதயப் படத்தை வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் அதைப் பெருஞ்சிரை என்று நினைத்துக் குழம்புவது வழக்கம்.

இதயத்தைக் குழாயடியில் நெடுநேரம் கழுவக் கூடாது. வெறும் தண்ணீர் செல்களை ஊதவைத்துவிடும். நார்மல் சலைன் என்னும் உப்புக் கரைசலைச் சிரைவழியே மெதுவாக விட்டு ரத்தக் கட்டிகளை வெளியேற்றினால் போதும். வலது மேலறைக்குள் சிறிது பஞ்சைத் திணித்தால் சுவர் சுருங்காமல் உருவம் நிற்கும். பிறகு 10 சதவீத ஃபார்மலினில், திசுவின் கன அளவைப் போல் 10 மடங்குக்குக் குறையாமல் ஊற்றி, 24 முதல் 48 மணி நேரம் வைக்கிறோம். கடையில் கிடைக்கும் ஃபார்மலின் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. லிட்டருக்கு சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இந்த உப்புகளைச் சேர்க்காமல் விட்டால் நாள்பட அமிலத்தன்மை ஏறி, திசுவெங்கும் பழுப்பு நிறப் படிவு விழும். நுண்ணோக்கியில் அது வேண்டாத தொல்லை.

இனி இடத்தைக் கண்டுபிடிப்பது. இதயம் உடலில் இருந்த நிலையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மேற்பெருஞ்சிரை வலது மேலறைக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். முன்பக்கம் காதுமடல் போல ஆரிக்கிள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல்விளிம்பு சிரையைத் தொடும் முகட்டிலிருந்து வெளிப்பக்கமாக, கீழ்ப்பெருஞ்சிரையை நோக்கி ஒரு ஆழமற்ற பள்ளம் இறங்குகிறது. அதுதான் சல்கஸ் டெர்மினாலிஸ். பெரும்பாலும் கொழுப்பு அதை மூடியிருக்கும். அதே கோட்டில், மேலறையின் உட்புறம் தசை ஒரு வரம்பு போலத் திரண்டு நிற்கும். அது கிரிஸ்டா டெர்மினாலிஸ். வெளியே பள்ளம், உள்ளே வரம்பு, இரண்டுக்கும் நடுவில் கணு. வெளியுறைக்கு அடியில் 1 மி.மீ. ஆழம்கூட இருக்காது. வளர்ந்த மனிதரில் நீளம் 10 முதல் 20 மி.மீ., அகலம் 2 முதல் 3 மி.மீ., தடிமன் 1 முதல் 2 மி.மீ. தலை மேலே முகட்டின் பக்கம் இருக்கும். வால் பள்ளத்தின் வழியே இறங்கி, போகப்போக உட்பக்கம் சாயும். சுமார் பத்தில் ஒருவருக்குக் கணு முகட்டைத் தாண்டி மறுபக்கமும் வளைந்து லாடம் போல உட்கார்ந்திருக்கும். பள்ளத்தின் வெளிப்பக்கத்தை மட்டும் எடுத்தால் அவர்களுடைய கணுவில் பாதிதான் கிடைக்கும்.

பிரேதப் பரிசோதனை முறையில் வலது மேலறையைக் கீழ்ப்பெருஞ்சிரையின் வாயிலிருந்து ஆரிக்கிளின் நுனி நோக்கித் திறக்கச் சொல்வதன் காரணம் இதுவே. இரண்டு பெருஞ்சிரைகளையும் நேராக இணைத்து வெட்டுவது எளிது, ஆனால் கணுவுக்கு அது ஆபத்து. இதய அறுவை சிகிச்சை நிபுணர்களும் இந்தப் பள்ளத்திலிருந்து தள்ளியே கீறுகிறார்கள், மேற்பெருஞ்சிரையில் குழாய் செருகும்போதும் சந்திப்பிலிருந்து விலகியே செருகுகிறார்கள்.

இப்படி ஒன்று இருக்கிறது என்பதே 1907 வரை அச்சில் வரவில்லை. 1906 கோடையில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிரெட்கர் என்ற கிராமத்து வீட்டில், மார்ட்டின் ஃப்ளாக் என்ற மருத்துவ மாணவர் மோல் என்னும் மண்ணுக்குள் வாழும் சிறு பிராணியின் இதயச் சீவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிரையும் மேலறையும் சேரும் இடத்தில் விசித்திரமான ஒரு தசைக்கொத்தைக் கண்டார். உடற்கூறியலாளர் ஆர்தர் கீத்துடன் சேர்ந்து அடுத்த ஆண்டு அதை வெளியிட்டார். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணுவை சுனாவோ தவாரா விவரித்திருந்தது 1906இல்தான். அந்தத் திசுவோடு இருந்த ஒற்றுமைதான் இவர்களுக்குப் பொறிதட்ட வைத்தது. மின் அலை முதலில் கிளம்புவது இங்கிருந்துதான் என்பதை 1910இல் தாமஸ் லூயிஸ் நாய்களின் இதயத்தில் கால்வனோமீட்டர் வைத்து நிரூபித்தார். முதலில் அமைப்பு, பிறகு வேலை என்ற வரிசையில்தான் கண்டுபிடிப்பு நடந்தது. நாங்களும் மாணவர்களை அதே வரிசையில்தான் கூட்டிப்போகிறோம்.

மனித இதயத்தில், சந்திப்பிலிருந்து சிரைப் பக்கம் 1 செ.மீ., பள்ளத்தின் வழியே கீழ்நோக்கி 2 செ.மீ., அகலத்தில் முகட்டுக்கு இருபுறமும் 1 செ.மீ. என்று ஒரு செவ்வகத்தைச் சுவரின் முழுத் தடிமனோடு வெட்டி எடுக்கிறோம். ஆட்டில் இதைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். கொழுப்பைச் சுரண்டக் கூடாது. கணு அதை ஒட்டியே கிடக்கிறது. தக்கைப் பலகையில் குண்டூசியால் விரித்துப் பொருத்தி, சிரைப்பக்க விளிம்பில் கறுப்பு மை தடவுகிறோம். பிறகு பள்ளத்துக்குக் குறுக்காக 3 மி.மீ. கனத்தில் துண்டுகள் போட்டு, மேலிருந்து கீழாக எண் இட்டு, தனித்தனிக் கேசட்டில் வைக்கிறோம். குறுக்காக வெட்டுவது முக்கியம். கணுவின் நடுவே அதன் தமனி ஓடுகிறது. குறுக்குவெட்டில் தமனி வட்டமாகவும் கணு அதைச் சுற்றிய நீள்வட்டமாகவும் விழும். நீளவாக்கில் வெட்டினால் தமனி ஒரு ஸ்லைடில் வந்து அடுத்ததில் மறைந்துவிடும், தேடுவது வீண்.

ஆல்கஹாலை 70 சதவீதத்தில் தொடங்கி 90, 95, பிறகு முழு ஆல்கஹால் இரண்டு மாற்று. சைலீன் இரண்டு மாற்று. 60 டிகிரி பாரஃபின் மெழுகு இரண்டு மாற்று. கொழுப்பு அதிகமுள்ள துண்டு என்பதால் முழு ஆல்கஹாலிலும் சைலீனிலும் நேரத்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கொழுப்புப் பகுதியில் மெழுகு ஏறாது. மெழுகுத் துண்டைச் சீவும் கருவியான மைக்ரோடோமில் அந்த இடம் பொடிந்து உதிரும், பக்கத்திலேயே இருக்கும் கணுவையும் கிழித்துக்கொண்டு வரும். 5 மைக்ரான் சீவல், 45 டிகிரி வெந்நீர்த் தொட்டி. தொடராக வரும் சீவல்களின் ரிப்பனில் பத்துக்கு ஒன்று என்று ஸ்லைடில் ஏற்றினால் கணுவின் நீளம் முழுவதும் தொடர்ந்து பார்க்க முடியும்.

வழக்கமான சாயமான ஹெமடாக்சிலின்–ஈயோசின் மட்டும் போட்டால் அனுபவசாலியும் தடுமாறுவார். தசையும் நாரும் இரண்டுமே இளஞ்சிவப்பாக நிற்கும். தசையைச் சிவப்பாகவும் நாரை நீலமாகவும் காட்டும் மாசன் ட்ரைக்ரோம்தான் இதற்கு ஏற்ற சாயம். மஞ்சள் நிறப் போயின் திரவத்தில் 56 டிகிரியில் ஒரு மணி நேரம், மஞ்சள் போகும்வரை கழுவல், வெய்கர்ட் ஹெமடாக்சிலின் 10 நிமிடம், பீப்ரிக் ஸ்கார்லெட்–ஆசிட் ஃபுக்சின் 10 நிமிடம், பாஸ்போமாலிப்டிக்–பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் 10 முதல் 15 நிமிடம், கழுவாமல் நேரே அனிலைன் நீலம் 5 நிமிடம், 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் ஓரிரு நிமிடம். பாஸ்போ அமிலக் கட்டத்தைச் சுருக்கினால் நாரிலிருந்து சிவப்பு இறங்காது, நீலம் ஏறவும் இடமிருக்காது. ஸ்லைடு முழுக்க ஊதா. போயினைத் தவிர்த்தால் ஃபார்மலினில் நாள்பட்டுக் கிடந்த திசுவில் சிவப்பு வெளிறிவிடும்.

சரியாக வந்த ஸ்லைடை 4 மடங்கு லென்ஸில் வைத்ததும் முதலில் தமனியைத் தேடுங்கள். மனிதரில் சுமார் 60 சதவீதம் பேருக்கு இது வலது கரோனரித் தமனியிலிருந்தும், மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இடது கரோனரியின் சர்க்கம்ஃப்ளெக்ஸ் கிளையிலிருந்தும் வருகிறது. கணுவின் சிறிய அளவுக்கு இவ்வளவு பெரிய தமனியா என்று தோன்றும். அதைச் சுற்றி நீல வலை, வலைக்குள் மெலிந்த, வெளிறிய சிவப்பு இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். அதுதான் கணு. உட்பக்கமாகப் போனால் தடித்த, ஒரே திசையில் ஓடும், வரிகள் தெளிவாகத் தெரியும் சிவப்புத் தசை வரும், அது கிரிஸ்டா. வெறும் கொழுப்புக்குள் தனியாக நிற்கும் தமனியைக் கணுத் தமனி என்று குறித்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. சுற்றிலும் மெலிந்த தசைவலை இல்லையென்றால் அது வேறு கிளை. வெளியுறைக்கு அடியில் நரம்புச் செல் திரள்கள் தெரிந்தால் சரியான அக்கம்பக்கத்தில் இருக்கிறோம் என்று நம்பலாம். ஐயம் தீராவிட்டால் குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள் சாயம் போடலாம்: கணுவின் மையச் செல்கள், செல்லுறையில் அயனிகளை விடும் வாயிலான எச்.சி.என்.4 புரதத்துக்கான சாயத்தை ஏற்கும், பக்கத்துச் செல்களை மின்வழியாக இணைக்கும் கனெக்ஸின் 43க்கான சாயத்தை ஏற்காது. கிரிஸ்டாவில் இது தலைகீழ்.

இந்த இரண்டு புரதங்களிலேயே கணுவின் உடலியக்கம் பாதி அடங்கிவிடுகிறது. சாதாரண மேலறைத் தசைச் செல் அடுத்த தூண்டல் வரும்வரை மைனஸ் 80 மில்லிவோல்ட்டை ஒட்டி அசையாமல் காத்திருக்கும். கணுச் செல்லுக்கு அந்த ஓய்வு இல்லை. துடிப்பு முடிந்து மைனஸ் 60க்கு இறங்கியதுமே எச்.சி.என். வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே கசியத் தொடங்குகிறது. மற்ற வாயில்கள் மின்னழுத்தம் ஏறும்போது திறக்க, இது இறங்கும்போது திறக்கிறது. இந்த மின்னோட்டத்தை 1979இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹிலாரி பிரவுன், டாரியோ டிஃப்ரான்செஸ்கோ, சூசன் நோபிள் ஆகியோர் முயலின் கணுவில் விவரித்தார்கள். கூடவே செல்லுக்குள்ளிருக்கும் கால்சியக் கிடங்கு சிறுசிறு சொட்டாகக் கசிகிறது; அந்தக் கால்சியத்தை வெளியேற்றும் பரிமாற்றப் புரதம் ஒரு கால்சியத்துக்கு மூன்று சோடியத்தை உள்ளே விடுவதால் மின்னழுத்தம் மேலும் ஏறுகிறது. மைனஸ் 40ஐ எட்டியதும் எல் வகைக் கால்சிய வாயில்கள் திறந்து துடிப்பு பிறக்கிறது. எச்.சி.என். வாயிலை மட்டும் அடைக்கும் மருந்து ஐவாபிரடின். விழித்திரையிலும் இதே குடும்பத்து வாயில்கள் உண்டு என்பதால் சிலருக்குக் கண்முன் ஒளிப்பொறிகள் தெரியும். மேலறை தாறுமாறாக நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் துடிப்பைக் கணு நடத்துவதில்லை, ஆகவே அங்கே இந்த மருந்துக்கு வேலையும் இல்லை.

நரம்புகள் அடர்ந்திருப்பதன் பயனும் இங்கே விளங்கும். துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் பொட்டாசியம் வாயிலைத் திறந்து செல்லை இன்னும் எதிர்மின் பக்கம் இழுக்கிறது. அட்ரினலின் வழியே உயரும், செல்லுக்குள் செய்தி கடத்தும் பொருளான சுழல் ஏ.எம்.பி. நேரடியாக எச்.சி.என். வாயிலில் ஒட்டி அதை எளிதாகத் திறக்க வைக்கிறது. இரண்டையும் மருந்தால் அடைத்துவிட்டால் மிஞ்சும் கணுவின் சொந்த வேகம் நிமிடத்துக்கு 118.1 கழித்தல் 0.57 பெருக்கல் வயது. 40 வயதில் சுமார் 95. நாம் ஓய்வில் 70இல் இருக்கிறோம் என்றால் வேகஸ் ஓயாமல் கடிவாளம் பிடித்திருக்கிறது என்று பொருள். மாற்றிப் பொருத்தப்பட்ட இதயம் நரம்பு அறுந்து வருவதால் ஓய்விலேயே 90க்கு மேல் துடிக்கும். வேகஸின் பிடியை அடைக்கும் அட்ரோபின் கொடுத்தாலும் வேகம் கூடாது.

கனெக்ஸின் 43 இல்லாததும் நீல நார் வலையும் குறைபாடுகள் அல்ல. பக்கத்துத் தசை மைனஸ் 80இல் பெருந்திரளாக நிற்கிறது. கணு அதனோடு நெருக்கமாக இணைந்திருந்தால் கணுவின் சிறு மின்னோட்டம் முழுவதையும் அந்தத் தசையே உறிஞ்சிவிடும். நார் வேலி கட்டி, சில குறிப்பிட்ட வாசல்கள் வழியே மட்டும் மின் அலை வெளியேறுவதால்தான் கணுவால் துடிப்பைப் பிறப்பிக்க முடிகிறது. அந்த வாசல் அடைபட்டால் கணு உள்ளே துடித்துக்கொண்டிருக்க, ஈ.சி.ஜி.யில் மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலை காணாமல் போகும். இடைவெளி வழக்கமான பி–பி நேரத்தின் இரு மடங்கு, மும்மடங்கு என்று சரியாக வந்தால் வாசல் அடைப்பு. கணக்குக்கு வராத இடைவெளி என்றால் கணுவே நின்றிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

கணுவின் மீளும் நேரத்தை அளக்க, வலது மேலறையின் மேற்பகுதியில் மின்கம்பி வைத்து 30 முதல் 60 நொடி வேகமாகத் தூண்டி, சட்டென நிறுத்துவார்கள். வேகத் துடிப்பில் செல்லுக்குள் சோடியம் சேர்ந்துவிடும். மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் பம்ப் முழு வேகத்தில் ஓடி, செல்லை எதிர்மின் பக்கம் தள்ளி வைக்கும். அதனால் முதல் துடிப்பு தாமதமாகும். அந்தத் தாமதத்திலிருந்து வழக்கமான சுழற்சி நேரத்தைக் கழித்து 550 மில்லிநொடிக்கு மேல் மிஞ்சினால் கணு தளர்ந்திருக்கிறது. ஃபிப்ரிலேஷன் நின்ற மறுநொடி சிலர் மயங்கி விழுவதும் இதே காரணத்தால்தான்.

வயதானவர்களின் ஸ்லைடில் நீலம் கூடி, சிவப்பு இழைகள் குறைந்திருக்கும். குழந்தையின் கணுவில் நார் குறைவு, அதனால் அது கண்ணில் படுவதே கடினம். நீலம் மிகுந்திருப்பதை மட்டும் பார்த்து நோயுற்ற கணு என்று எழுதக் கூடாது. அதே வயதுடையவர்களின் ஸ்லைடுகளோடு ஒப்பிட்ட பிறகே எழுத வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஸ்லைடின் லேபிளிலும் வயது, துண்டின் எண், மை தடவிய சிரைப்பக்கம் எது என்ற குறி மூன்றையும் பென்சிலால் எழுதுகிறோம். பேனா மை சைலீனில் கரைந்துவிடும்.