எத்தனை கிலோவுக்கு?

2025 நவம்பரில் இலங்கை பட்ஜெட் வாசித்த அன்று சாயங்காலம், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சித்திக்குப் போன் போட்டேன். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1750 ரூபா ஆகப் போகிறதாம் என்று சொல்லி முடிப்பதற்குள், "எத்தனை கிலோவுக்காம்?" என்று கேட்டார். அந்தச் சம்பளத்துக்கு ஒரு நாளில் எத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. என்னிடம் பதில் இல்லை. கொழும்பில் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு 1350, 1550, 200 என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில், லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்து வளர்ந்தவன் நான், எனக்கே இப்படி.

அம்மா ஓய்வு பெறும்வரை வாங்கிய சம்பளத் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அதைக் கொட்டி, வருட வாரியாக அடுக்கிப் பார்த்தேன். 2013ல் நாட்சம்பளம் 620 என்று பெரிதாகச் சொன்னார்களே, அதில் அடிப்படை 450தான். மீதி 140 வருகைக்கு, 30 தேயிலை விலைக்கு. அந்த 140ம் மாதத்தில் தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசிக்காவது போயிருந்தால்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று நாலு நாள் கூடுதலாக நின்றால் அந்த மாதம் முழுதுக்கும் அது போச்சு. ஓய்வு பெறும்போது கைக்கு வரும் சேமலாப நிதியும் (EPF) அடிப்படைச் சம்பளத்துக்குத்தான் கட்டுவார்கள், இந்த மேல்காசுக்கு இல்லை.

அப்போதெல்லாம் கூட்டு ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் முதலாளிமார் சம்மேளனம், மறுபக்கம் மூன்று தொழிற்சங்கத் தரப்பு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டு வருடம் என்பது காகிதத்தில். 2015 மார்ச்சில் முடிந்த ஒப்பந்தத்துக்கு அடுத்தது 2016 அக்டோபரில்தான் வந்தது. ஒன்றரை வருடம் பழைய சம்பளத்துக்கே மலை ஏறினார்கள், அதற்கு நிலுவையும் கிடையாது. வந்தது 730. அடிப்படை 500, வருகைக்கு 60, விலைக்கு 30, கூடுதலாகப் பறித்தால் 140. ஆக மூன்றரை வருடத்தில் அடிப்படை ஏறியது ஐம்பது ரூபா!

2019ல் நடந்ததை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஆயிரம் ரூபா கேட்டு 2018 அக்டோபரில் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடுப்போடு திரண்ட இளைஞர் கூட்டத்தில் நானும் நின்றேன், தொண்டை கட்டும்வரை கத்தினோம். மூன்று மாதம் கழித்து அடிப்படை 700, விலைக்கு 50 என்று கையெழுத்தானது. அடிப்படை 200 ரூபா கூடியது உண்மைதான், சேமலாப நிதிக்கும் அது நல்லதுதான். ஆனால் வருகைக் காசையும் கூடுதல் பறிப்புக் காசையும் அதே கையால் எடுத்துவிட்டார்கள். முன்பு ஒழுங்காக வேலைக்குப் போய்க் கூடுதலாகவும் பறித்து 730 எடுத்தவருக்கு இப்போது 750. இருபது ரூபா. அம்மாவின் டின்னில் அந்த இரண்டு துண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன.

ஆயிரம் கடைசியில் 2021 மார்ச்சில் வந்தது, ஒப்பந்தத்தால் அல்ல, சம்பள நிர்ணய சபை மூலமாக. அந்தச் சபை 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குவது. கம்பனிப் பிரதிநிதிகள், தொழிலாளர் பிரதிநிதிகள், அரசு நியமிப்பவர்கள் என்று மூன்று தரப்பும் இருக்கும், இணக்கம் வராவிட்டால் வாக்கெடுப்பு. 900 அடிப்படை, 100 படி என்று வர்த்தமானி (அரசிதழ் அறிவித்தல்) வந்தது, கம்பனிகள் வழக்குப் போட்டன, கூட்டு ஒப்பந்தமும் அதோடு போயிற்று. சந்தோஷப்பட்டோம், இல்லை என்று சொல்ல மாட்டேன், அன்று லயத்தில் வெடி கொளுத்தினார்கள். ஆனால் சபை சொன்னது ஒரு நாளுக்கு இவ்வளவு என்பதை மட்டும். ஒரு நாள் என்றால் எத்தனை கிலோ? மாதத்தில் எத்தனை நாள் வேலை? ஒப்பந்தம் இருந்தபோது குறைந்தபட்சம் அதைப் பற்றித் துரையிடம், அதாவது தோட்ட நிர்வாகியிடம், சண்டை போட ஒரு காகிதம் இருந்தது.

சித்தியின் மலையில் ஒரு நாளைக்கு 16 கிலோவாக இருந்தது 18 ஆனது, பிறகு 20. குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிக்கிற கிலோ வேறு, அது எந்த வர்த்தமானியிலும் வராது. ஆயிரம் வந்த அதே 2021இல்தான் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள். பசி கிடந்த செடியில் கொழுந்து எங்கிருந்து வரும்? 2021ல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் 25 கோடியாக விழுந்தது. செடிக்குத் தெரிந்தது நிறுவைப் படிக்குத் தெரியவில்லை, 20 கிலோ 20 கிலோவாகவே இருந்தது. 2022 செப்டம்பரில் உணவு விலை முந்தைய வருடத்தைவிட 95 வீதத்துக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. சம்பளம் அதே ஆயிரம்.

2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1700 என்றார் அப்போதைய ஜனாதிபதி ரணில். மறுபடி வழக்கு, மறுபடி இழுபறி, ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாள் முன்னால் 1350இல் வந்து நின்றது. 2025 நவம்பரில் ஜனாதிபதி அநுரவின் பட்ஜெட்டில் அடிப்படை 1550, அதோடு வேலைக்கு வந்தால் நாளுக்கு 200, அதை அரசாங்கமே கொடுக்குமாம். ஆக 2019ல் வெட்டிய வருகைக் காசு திரும்பி வருகிறது, கம்பனியின் பையிலிருந்து அல்ல, என் வற் (VAT) வரியிலிருந்து. சித்திக்குக் கிடைத்தால் சரி, நான் முணுமுணுக்கவில்லை. இருந்தாலும் அடுத்த தடவை எப்போது பார்ப்பார்கள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடக் கணக்கு செத்துப்போய், இப்போது அதற்கென்று ஒரு தேதி கிடையாது. தேர்தல் தேதியைப் பார்த்துத்தான் நாமே குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தொழிற்சங்கத்தில் இருக்கும் மாமாவிடம் இதைச் சொன்னேன். "கிலோ கணக்க மேடையில சொன்னா கை தட்டுவாங்களாடா?" என்றார். தட்டமாட்டார்கள்தான்.

சரி, 200 ரூபாயை எந்தத் தலைப்பின் கீழ் போடுகிறார்கள், அரைப்பேருக்கும் கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். புதுச் சம்பளத்தில் வரும் முதல் துண்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போன தடவை சித்தி அனுப்பியதில் கழிவுகள் இருக்கும் பக்கத்தைப் பெருவிரல் மறைத்திருந்தது.