பழுப்புத் திட்டு

மார்ச் 4, தண்டையார்பேட்டை

அக்கா மகளின் கீழ்க் கடைவாய்ப்பல் தைமால் என்னும் கிருமிநாசினி கலந்த நீரில் கிடக்கிறது. முகட்டில் மிளகளவு பழுப்புத் திட்டு, பல்லின் மேலுறையான எனாமலில் தாது சரியாகப் படியாத நோய். ஊசி நுனி பட்டால் சுண்ணாம்பாக உதிர்கிறது. குழந்தைக்கு எட்டு வயதுதான்.

மார்ச் 7

அக்கா மறுபடியும் அதையே கேட்டாள். "முதல் வருஷம் வந்த காய்ச்சலாலதானே? அன்னிக்கே நான் தூக்கிட்டு ஓடியிருக்கணும்." இந்தப் பல்லின் மகுடத்தில் பிறப்பையொட்டித் தாது படியத் தொடங்கி, ஏறக்குறைய மூன்று வயதில் முழுமையடைகிறது என்பதும், எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போது அழிந்துபோவதால் அது பிறகு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை என்பதும் அவளுக்கு நான்தான் முன்பு சொன்னவை. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 11

எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, கிளம்பும் எக்ஸ் கதிர்களை எண்ணி எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் கருவியில் எனக்கு முறை வர இன்னும் ஒன்பது நாள்.

மார்ச் 15

பல்லை நெடுக்கில் அறுத்து, எபாக்சி பிசினில் பதித்து, வைரப் பசையால் 6, 3, 1, கடைசியில் கால் மைக்ரான் வரை மெருகேற்றினேன். திட்டு மென்மையானது என்பதால் சுற்றிலும் உள்ள எனாமலைவிட விரைவில் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. பள்ளத்திலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர் பல்லுக்குள்ளேயே கூடுதல் தொலைவு கடந்து வலுவிழக்கும் என்பதால், அளவு குறைந்துகாட்டினால் அது நோயாலா என் கையாலா என்று தெரியாது. இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கினேன். கல்மண்டபத்தில் நெரிசலில் பேருந்து ஏறி வியர்த்து வந்த கை. வியர்வையின் சோடியமும் குளோரினும் எனாமலிலும் உண்டு என்பதால் கையுறையை மூன்று தடவை மாற்றினேன்.

மார்ச் 19

மின்னூட்டம் தேங்காதிருக்கக் கார்பன் பூச்சு ஏறியது, சுமார் 20 நானோமீட்டர். ஒப்பிட்டு அளக்க வைத்த அப்பட்டைட்டுக்கும் (எனாமலின் தாது இந்த வகைதான்) அதே தடிமன்.

மார்ச் 20

கற்றைக்கு 15 கிலோவோல்ட் மின்னழுத்தம். எனாமல் கருகாதிருக்கக் கற்றையை 10 மைக்ரானுக்கு விரித்தேன். அப்பட்டைட்டில் கற்றை பட்டவுடனேயே புளோரின் எண்ணிக்கை நகரத் தொடங்கிவிடும், ஆகவே அதைத்தான் முதலில் எண்ணினேன். திரும்பிச் சிதறும் எலக்ட்ரான்களால் உருவாகும் படத்தில் (தாது குறைந்த இடம் கருமையாகத் தெரியும்) திட்டு கருமையாகவும், அதன் விளிம்பு கத்தியால் கீறியதுபோலவும் தெரிந்தது. வெளிப்பரப்பிலிருந்து, எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினின் எல்லைவரை 20 மைக்ரானுக்கு ஒரு புள்ளியாக நகர்ந்தபோது, திட்டுக்குள் நுழைந்ததும் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்தே சரிந்தன. அளந்த தனிமங்களின் எடை விழுக்காடுகளின் மொத்தக் கூட்டல் நூறுக்கு வெகு கீழே நின்றது. அந்த இடைவெளியில் இருப்பது புரதமும் நீரும். ஹைட்ரஜனுக்குத் தனித்த எக்ஸ் கதிரே கிடையாது என்பதால், 1951-இல் காஸ்டேங் தம் ஆய்வேட்டில் வகுத்த இந்த முறையால் அதை என்றைக்கும் எண்ண முடியாது.

மார்ச் 21

அக்காவின் அழைப்பை எடுக்கவில்லை.

மார்ச் 23

இரவெல்லாம் அந்த விளிம்புதான் கண்ணில் நிற்கிறது. காய்ச்சல் மட்டுமே காரணமென்றால், அதே மாதங்களில் உருவான இடப்புறக் கடைவாய்ப்பல்லிலும் ஏதாவது ஒரு கோடு இருந்திருக்க வேண்டும். அது பளிங்காக இருக்கிறது. ஆனால் இந்த நோய் ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் விடுவதும் வழக்கந்தான் என்பதால், காய்ச்சலுக்குப் பங்கில்லை என்று அக்காவிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. எவ்வளவு குறைந்தது, எந்த இடத்தில் குறைந்தது என்பதைச் சொல்ல முடியும். அவள் கேட்பது அதையல்லவே.

மார்ச் 24

அந்தச் சரிவு என் மெருகால் வந்ததாக இருந்தால்?

மார்ச் 26

அக்கா மகளோடு வந்தாள். குழந்தை படத்தைப் பார்த்து, "சித்தி, இந்தக் கறுப்பு என் பல்லா?" என்றாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. விளிம்பின் இரு பக்கமும் நாற்பது புள்ளிகளை மட்டும் திரும்ப அளக்க முறை கேட்டு எழுதியிருக்கிறேன். இந்த முறை மெருகை…